லண்டன் பரோ கவுன்சில் கூட்டம்: முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கவுன்சில் என்றதும் லண்டனில் குடியேறிய நம்மவர்களுக்கு நினைவுக்கு வருபவை மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து போகும் வரி, குப்பை எடுக்கும் நாள், வீட்டு வாசலில் கார் நிறுத்துவதற்கான பெர்மிட் ஆகியவைதாம். இவற்றுக்கான கொள்கையையும் பணத்தையும் தீர்மானிக்கும் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை என்பதும், அங்கே எவரும் போய் அமரலாம் என்பதும், முன்கூட்டிப் பதிவு செய்தால் பேசவும் முடியும் என்பதும் பல ஆண்டுகளாக இங்கே வாழ்கிறவர்களுக்கே தெரிவதில்லை. தெரிந்து போகிறவர்களிலும் பலர் தவறான கூட்டத்துக்குப் போகிறார்கள். முழுக் கவுன்சில் கூடும் இரவில் பார்வையாளர் மாடத்தில் இடம்பிடித்துக் காத்திருந்து, தங்கள் தெருவைப் பற்றிய முடிவு சில வாரங்களுக்கு முன்பே வேறொரு அறையில் எடுக்கப்பட்டுவிட்டது என்பதை அங்கே அறிந்து, மனக்கசப்போடு வீடு திரும்புகிறார்கள். ஆகவே, எப்படிப் பேசுவது என்பதைவிட எங்கே, எப்போது பேசுவது என்பதைத்தான் முதலில் கற்க வேண்டும்.

யார் யார் என்று முதலில் அறிந்துகொள்ளுங்கள்

1963 ஆம் ஆண்டின் லண்டன் ஆட்சிச் சட்டத்தின்படி 32 பரோக்கள், அதாவது உள்ளூராட்சிப் பிரிவுகள், அமைக்கப்பட்டு, 1965 ஏப்ரல் 1 முதல் இயங்கி வருகின்றன. ஒவ்வொரு பரோவும் பல வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒருவர் முதல் மூவர் வரை கவுன்சிலர்கள் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மே மாதத்தில் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். 2022 தேர்தலிலிருந்து ஹரோவில் 55 பேரும் பிரென்ட்டில் 57 பேரும் இருக்கிறார்கள். அஞ்சல் குறியீட்டைக் கவுன்சிலின் இணையதளத்தில் இட்டால் உங்கள் வட்டாரத்துக் கவுன்சிலர்களின் பெயர்கள் வந்துவிடும். இந்த வழிகாட்டியில் உள்ள மற்ற எல்லாவற்றுக்கும் முன் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

மேயர் விடயத்தில் புதியவர்கள் பெரும்பாலும் குழம்புவார்கள். லண்டன் மேயர் என்பவர் போக்குவரத்து, காவல்துறை போன்ற பெருநகர விடயங்களைப் பார்ப்பவர். உங்கள் தெருவிளக்குக்கும் அவருக்கும் தொடர்பில்லை. ஹரோ, பிரென்ட், ரெட்பிரிட்ஜ் போன்ற பெரும்பாலான பரோக்களில் கழுத்தில் பொற்சங்கிலி அணிந்து வரும் மேயர், கூட்டத்துக்குத் தலைமை தாங்கி விழாக்களுக்கும் போகிற கௌரவப் பதவிக்காரர். அங்கே அதிகாரம் கவுன்சில் தலைவரிடமும் அவர் அமைக்கும் நிர்வாகக் குழுவான கேபினட்டிடமும் இருக்கிறது. நியூஹாம், ஹக்னி, லூயிஷாம், டவர் ஹம்லெட்ஸ், குரொய்டன் ஆகிய ஐந்து பரோக்களில் மட்டும் மக்கள் நேரடியாக வாக்களித்துத் தெரிவு செய்த மேயரே நிர்வாகத்தை நடத்துகிறார். கோயில் விழாவில் பொன்னாடை போர்த்திய மேயரிடம் வாகனத் தரிப்பிடப் பிரச்சினையைச் சொல்லிவிட்டு ஆறு மாதம் காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர் கனிவாகக் கேட்டுக்கொள்வார். அதற்கு மேல் அவரால் ஆவது அதிகம் இல்லை.

உங்கள் விடயம் எந்தக் கூட்டத்துக்கு உரியது

பக்கத்து வீட்டுக்காரர் கட்டும் இரண்டு மாடி நீட்டிப்பு, தெருமுனையில் எழப்போகும் அடுக்குமாடிக் கட்டடம் போன்றவை பிளானிங் குழுவுக்கு உரியவை. ஆனால் சிறிய விண்ணப்பங்களில் மிகப் பெரும்பாலானவற்றை அதிகாரிகளே முடித்துவிடுவார்கள். எதிர்ப்புக் கடிதங்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினாலோ, வட்டாரக் கவுன்சிலர் கேட்டுக்கொண்டாலோதான் பல பரோக்களில் அவை குழுவின் முன் வரும். மது விற்பனை, இரவு நேர உணவகம் போன்ற அனுமதிகள் லைசென்சிங் துணைக்குழுவுக்குப் போகும். நூலகத்தை மூடுவது, தரிப்பிடக் கட்டணத்தை உயர்த்துவது, பெரிய ஒப்பந்தங்களை வழங்குவது ஆகியவை கேபினட்டின் வேலை. கேபினட்டில் தலைவரையும் சேர்த்துப் பத்துப் பேருக்கு மேல் இருக்க முடியாது. அவர்கள் எடுக்கும் முடிவுகளைக் கேள்விக்கு உட்படுத்துவதற்கென்றே கேபினட்டில் இல்லாத கவுன்சிலர்களைக் கொண்ட ஸ்குரூட்டினி குழு இருக்கிறது. எல்லாப் பரோக்களிலும் இந்த அமைப்பு இருக்கும் என்று எண்ண வேண்டாம். சட்டன் 2012 இல் கேபினட்டை விட்டு, பல கட்சிக் கவுன்சிலர்களும் இருக்கும் குழுக்களே முடிவெடுக்கும் முறைக்குத் திரும்பியது.

இப்படி எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தால், கவுன்சிலர்கள் அனைவரும் கூடும் முழுக் கவுன்சிலுக்கு மிஞ்சுவது ஆண்டு வரவு செலவுத் திட்டம், சில முக்கியக் கொள்கை ஆவணங்கள், பிரேரணைகள், மனுக்கள், கேள்விகள் ஆகியவையே. அந்தக் கூட்டத்தில் கட்சிகள் எப்படி வாக்களிக்கப் போகின்றன என்பது முன்னதாக நடக்கும் கட்சிக் குழுக் கூட்டத்தில் பெரும்பாலும் முடிவாகிவிடும். அதைப் பார்க்கப் போவது நல்லதுதான். ஆனால் மனம் மாற்றப் போவதென்றால் அதற்கு உரிய இடம் அதுவல்ல. கேபினட் விடயமாக இருந்தால், பெரிய முடிவுகளை எடுப்பதற்குக் குறைந்தது 28 நாட்களுக்கு முன் அது பற்றிய அறிவித்தலை வெளியிட வேண்டும் என்பது விதி. இணையதளத்தில் வருங்காலத் திட்டப் பட்டியல் என்ற பெயரில் யாரும் திறந்து பார்க்காத அந்தப் பக்கத்தை மாதம் ஒருமுறை பார்க்கிறவர், தீர்மானம் அச்சாகும் முன்பே தன் கவுன்சிலரிடம் பேசிவிட முடியும்.

தேர்த் திருவிழாவுக்குத் தெருவை மூடுவது, சமூக மண்டபத்தை வாடகைக்கு எடுப்பது போன்றவற்றுக்குப் பொதுவாகக் கூட்டமே கிடையாது. அவை அதிகாரிகளின் மேசையில் முடிகிற காரியங்கள். படிவத்தை நேரத்தோடு கொடுத்தால் போதும்.

நிகழ்ச்சி நிரலை எப்படிப் படிப்பது

கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலும் அதனோடு சேர்ந்த அறிக்கைகளும் குறைந்தது ஐந்து முழு வேலை நாட்களுக்கு முன் பொதுமக்கள் பார்வைக்கு வந்திருக்க வேண்டும். வெளியிடும் நாளும் கூட்டம் நடக்கும் நாளும் இந்தக் கணக்கில் சேராது. சனி, ஞாயிறும் சேராது. ஆகவே வியாழக்கிழமைக் கூட்டத்துக்கான ஆவணங்கள் முந்தைய வாரத்துப் புதன்கிழமையாவது வந்துவிட வேண்டும். அந்தப் புதன்கிழமை மாலையிலேயே இணையதளத்தைத் திறந்து பாருங்கள், ஏனென்றால் பேசுவதற்குப் பெயர் கொடுக்கும் கடைசி நேரம் பல பரோக்களில் கூட்டத்துக்கு ஒன்றிரண்டு நாட்கள் முன்பே முடிந்துவிடும்.

இருநூறு, முந்நூறு பக்கங்களைக் கண்டு மலைக்க வேண்டாம். ஒவ்வொரு அறிக்கையின் முதற் பக்கத்திலும் பரிந்துரை என்ற தலைப்பின் கீழ், கவுன்சிலர்களிடம் என்ன கேட்கப்படுகிறது என்பது எண்ணிட்ட வரிகளில் இருக்கும். அவர்கள் வாக்களிப்பது அந்த வரிகளுக்குத்தானே தவிர, பின்னால் உள்ள விளக்கங்களுக்கு அல்ல. அடுத்து, பரிசீலித்துக் கைவிடப்பட்ட மாற்று வழிகள் என்ற பகுதியைத் தேடுங்கள். நீங்கள் சொல்ல நினைக்கும் யோசனையை அதிகாரிகள் ஏற்கெனவே எண்ணிப் பார்த்து ஒதுக்கியிருந்தால், அதற்கான காரணம் அங்கே இருக்கும். அந்தக் காரணத்துக்குப் பதில் சொல்லாமல் அதே யோசனையைக் கூட்டத்தில் திரும்பச் சொல்வது நேர விரயம். மூன்றாவதாக, நிதி பற்றிய பத்தியையும், முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுபான்மையினர் போன்றோருக்கு ஏற்படும் பாதிப்பைப் பற்றிய சமத்துவ மதிப்பீட்டையும் படியுங்கள். அந்த மதிப்பீடு அரைப் பக்கத்தில் ஒப்புக்கு எழுதப்பட்டிருந்தால், உங்கள் கையிலுள்ள மிக வலுவான வாதம் அதுவாகவே இருக்கக்கூடும்.

நிரலின் இறுதியில் சில உருப்படிகளுக்கு ஆவணம் இல்லாமல், பொதுமக்கள் வெளியேற வேண்டும் என்ற குறிப்பு மட்டும் இருக்கும். ஒப்பந்த விலை, தனிநபர் விவரம், சட்ட ஆலோசனை போன்றவற்றுக்குச் சட்டம் அளிக்கும் விலக்கு அது. சதி என்று எண்ணிக் கொதிக்கத் தேவையில்லை.

பெயர் கொடுப்பது

கூட்டங்களை ஒழுங்கு செய்யும் ஜனநாயகச் சேவைப் பிரிவின் மின்னஞ்சல் முகவரி நிகழ்ச்சி நிரலின் முகப்பிலேயே இருக்கும். எந்தக் கூட்டம், எந்த உருப்படி, ஆதரவா எதிர்ப்பா, பேச விரும்புகிறவர் யார் என்ற நான்கு விவரங்களை எழுதினால் போதும். கதை முழுவதையும் எழுத வேண்டாம். ஆங்கிலத்தில் பேசத் தயங்குகிறவர்கள், தங்கள் சார்பில் இன்னொருவர் வாசிக்கலாமா என்பதையும் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்பதையும் இந்த மின்னஞ்சலிலேயே கேட்டுவிட வேண்டும். அங்கே பணிபுரிகிறவர்கள் கட்சி சார்ந்தவர்கள் அல்லர். விதிகளை விளக்குவது அவர்கள் வேலை என்பதால் தொலைபேசியில் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. முழுக் கவுன்சிலில் கேட்கும் கேள்விகளைப் பல நாட்களுக்கு முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டியிருக்கும். பதிலும் எழுதி ஆயத்தமாக வாசிக்கப்படும். அதன்பின் ஒரு துணைக் கேள்வி கேட்கப் பல பரோக்களில் இடமுண்டு. எழுதிக் கொடுத்த கேள்வியை எளிதாக வைத்து, கூர்மையானதைத் துணைக் கேள்விக்கு வைத்துக்கொள்கிறவர்களுக்கே பயனுள்ள பதில் கிடைக்கிறது.

லைசென்சிங்: நம் கடைக்காரர்கள் கவனிக்க

நம்மவர்கள் நடத்தும் ஓஃப் லைசென்ஸ் கடைகள், அதாவது வாங்கிச் செல்ல மது விற்கும் கடைகள், லண்டன் முழுவதும் இருப்பதால், இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2003 ஆம் ஆண்டின் லைசென்சிங் சட்டத்தின் கீழ் புதிய விண்ணப்பம் போட்டால், வெளிர்நீலத் தாளில் அச்சிட்ட அறிவித்தலைக் கடையின் முகப்பில், தெருவில் நிற்பவர் படிக்கும்படி 28 நாட்கள் ஒட்டி வைக்க வேண்டும். அந்த நாட்களுக்குள் காவல்துறையோ அயலவரோ எவரும் முறையான ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், விசாரணையின்றி லைசென்ஸ் கொடுத்தே ஆக வேண்டும். ஆட்சேபம் வந்தால் மூன்று கவுன்சிலர்கள் கொண்ட துணைக்குழு கூடி இரு தரப்பையும் கேட்கும்.

ஆட்சேபிக்கிறவர்கள் பேசக்கூடிய காரணங்கள் நான்கே: குற்றமும் ஒழுங்கின்மையும் தடுக்கப்படுதல், பொதுமக்களின் பாதுகாப்பு, பொதுத் தொல்லை தடுக்கப்படுதல், சிறுவர்களைத் தீங்கிலிருந்து காத்தல். தெருவில் ஏற்கெனவே மூன்று கடைகள் இருக்கின்றன, நான்காவது எதற்கு என்ற வாதம் இங்கே எடுபடாது. எதிர்ச்சாரியில் புதுக் கடை வந்தால் என் வியாபாரம் படுத்துவிடும் என்று ஒரு கடைக்காரர் எழுதும் கடிதத்தை ஏற்கவே மாட்டார்கள். அதற்குப் பதிலாக, இரவு பதினொரு மணிக்குப் பிறகு பேருந்துத் தரிப்பிடத்தில் கூடிக் குடிக்கிறவர்களால் எந்தெந்த நாட்களில் என்ன நடந்தது என்று தேதியோடு எழுதிய ஒரு பக்கம் கவனம் பெறும். ஆட்சேபிக்கிறவரின் பெயரும் முகவரியும் பொதுவாக விண்ணப்பதாரருக்குப் போகும் என்பதை எழுதும் முன்பே அறிந்திருங்கள். அது சங்கடமாக இருந்தால், உங்கள் சார்பில் ஆட்சேபம் தெரிவிக்கும்படி வட்டாரக் கவுன்சிலரைக் கேட்கலாம்.

விண்ணப்பதாரராக இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விசாரணை நாள்வரை காத்திராமல், ஆட்சேபம் தெரிவித்த காவல்துறையினரோடு முன்பே பேசி, கமரா, விற்பனை நேரம், வயதுச் சோதனை போன்ற நிபந்தனைகளில் இணக்கம் கண்டுவிட்டால், பல ஆட்சேபங்கள் திரும்பப் பெறப்படும். துணைக்குழுவின் முன் உங்களுக்காக வேறொருவர் பேசலாம். அவர் வழக்கறிஞராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. முடிவு பிடிக்காத தரப்பு 21 நாட்களுக்குள் மஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்யலாம்.

பிளானிங் குழுவிலும் இதே போன்ற வரம்பு உண்டு. வெளிச்சம் மறைதல், அந்தரங்கம் கெடுதல், வாகன நெரிசல், கட்டடத்தின் அளவு ஆகியவை கணக்கில் எடுக்கப்படும். வீட்டின் விலை குறைந்துவிடும், கட்டுகிறவர் நல்லவரல்ல என்பன எடுக்கப்படமாட்டா. குழு உறுப்பினர் ஒருவரிடம் முன்கூட்டிப் பேசப் போனால், தான் இப்போது கருத்துச் சொல்ல முடியாது என்பார். அது தட்டிக்கழிப்பல்ல, கேட்கும் முன்பே முடிவு செய்துவிட்டார் என்ற பழி வந்தால் அந்த முடிவே நீதிமன்றத்தில் விழுந்துவிடலாம். அனுமதி மறுக்கப்பட்டால் விண்ணப்பதாரருக்கு மேன்முறையீடு உண்டு, ஆனால் அனுமதி வழங்கப்பட்டால் எதிர்த்த அயலவருக்கு அந்த உரிமை இல்லை. எனவே அயலவருக்கு இந்தக் குழுதான் ஏறத்தாழ முதலும் கடைசியுமான வாய்ப்பு.

மூன்று நிமிடம்

பேச்சுக்குப் பெரும்பாலும் கிடைப்பது மூன்று நிமிடம். சில இடங்களில் எதிர்ப்பாளர்கள் எல்லோரும் சேர்ந்து அந்த நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். முதல் வாக்கியத்தில் நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்பதையும் எந்தப் பரிந்துரையை மாற்றக் கேட்கிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். அவையோர்க்கு வணக்கம் கூறி, தலைவரை விளித்து, வாய்ப்புக்கு நன்றி தெரிவித்து, பிறகு பொருளுக்கு வரும் நம் மேடை வழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது, ஏனென்றால் நன்றியுரை முடியும்போது, நேரம் முடியப்போவதைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அறிக்கையின் பத்தி எண்ணைச் சொல்லி, அதில் என்ன தவறு அல்லது விடுபாடு இருக்கிறது என்று காட்டி, வேண்டிய மாற்றத்தை ஒரு வரியில் கேளுங்கள். முழு மறுப்புக் கேட்பதைவிட, கட்டுமான வேலை காலை எட்டு மணிக்கு முன் தொடங்கக் கூடாது என்பது போன்ற நிபந்தனை ஒன்றைக் கேட்கிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவது குறைவு.

கூட்டத்து மாலை

பிரென்ட்டுக்கு வெம்பிளியில் 2013 இல் திறந்த சிவிக் சென்டர், ரெட்பிரிட்ஜுக்கு இல்ஃபோர்டு டவுன் ஹால் என்று இடம் மாறினாலும், முழுக் கவுன்சிலின் நடைமுறை பெரிதும் ஒன்றுதான். மேயர் உள்ளே வரும்போது எல்லோரும் எழுந்து நிற்பார்கள். வர இயலாதவர்களின் அறிவிப்பு, நலன் வெளிப்படுத்தல், சென்ற கூட்டத்துக் குறிப்பை ஏற்றல் ஆகிய மூன்றும் சில நிமிடங்களில் கடந்துவிடும். இவற்றில் நலன் வெளிப்படுத்தலை மட்டும் காதுகொடுத்துக் கேளுங்கள்: விவாதப் பொருளில் தனக்கோ தன் துணைவருக்கோ பணத் தொடர்பு இருக்கும் கவுன்சிலர் அதைச் சொல்லி ஒதுங்க வேண்டும் என்பது 2011 ஆம் ஆண்டுச் சட்டம். பின்னர் மனுக்கள், பொதுமக்கள் கேள்விகள், கவுன்சிலர்களின் கேள்விகள், அறிக்கைகள், பிரேரணைகள் என்று நிரல் நகரும். ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார். திருத்தம் வந்தால் முதலில் திருத்தத்துக்குத்தான் வாக்கெடுப்பு. மாடத்தில் இருப்பவர்கள் கைதட்டுவதும் குரல் கொடுப்பதும் கூடாது. ஆனால் படம் பிடிக்கவும் பதிவு செய்யவும் 2014 முதல் சட்டப்படி உரிமை உண்டு. வாக்குகள் சமமாக விழுந்தால் தலைமை தாங்குபவருக்கு இன்னொரு வாக்கு இருக்கிறது. பத்து, பத்தரை மணிக்கு மேல் விவாதம் நீளாமல் வெட்டும் விதி பல பரோக்களில் இருப்பதால், நிரலின் கடைசியில் உள்ள பிரேரணை பேசப்படாமலே வாக்கெடுப்புக்கு விடப்படலாம். அதற்காகப் போகிறவர்கள் இதற்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

ஆண்டில் ஒரே ஒரு முழுக் கவுன்சிலுக்குத்தான் போக நேரம் இருக்கிறது என்றால், பெப்ரவரி இறுதியிலோ மார்ச் தொடக்கத்திலோ நடக்கும் பட்ஜெட் கூட்டத்துக்குப் போங்கள். மார்ச் 11 க்குள் கவுன்சில் வரியை நிர்ணயித்தாக வேண்டும் என்பதால் அங்கே ஒத்திப்போட இடமில்லை. ஒவ்வொரு கவுன்சிலரும் எப்படி வாக்களித்தார் என்பது 2014 முதல் பெயர்வாரியாகப் பதியப்படுகிறது. இரண்டு மாதத்துக்கு மேல் கவுன்சில் வரி பாக்கி வைத்திருக்கும் கவுன்சிலர் அன்று வாக்களிக்க முடியாது என்று ஒரு சட்டம் இருப்பதை அறிந்தால் பலருக்குச் சிரிப்பு வரும். கணக்கு பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் குரொய்டன் அண்மைக்கால எடுத்துக்காட்டு: 2020 நவம்பரில் புதிய செலவுகளை நிறுத்தும் 114 ஆம் பிரிவு அறிவித்தல் அங்கே வெளியானது, 2023 இல் வரி ஏறத்தாழ 15 விழுக்காடு உயர்ந்தது.

முடிவு வந்த பிறகு

கேபினட் எடுத்த முடிவு உடனே நடைமுறைக்கு வந்துவிடாது. வெளியான சில வேலை நாட்களுக்குள், பொதுவாக ஐந்து நாட்களுக்குள், குறிப்பிட்ட எண்ணிக்கையிலான கவுன்சிலர்கள் கேட்டால் அது ஸ்குரூட்டினி குழுவுக்குத் திருப்பி அழைக்கப்படும். அந்தக் குழுவால் முடிவை ரத்துச் செய்ய முடியாது. மறுபடி யோசியுங்கள் என்று காரணத்தோடு அனுப்ப முடியும். அந்தக் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டியவர் நீங்கள்தான், ஆகவே முடிவு வெளியான மறுநாளே உங்கள் கவுன்சிலரைப் பிடியுங்கள். ஆவணம் ஏதும் தேவைப்பட்டால் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் மின்னஞ்சலில் கேளுங்கள். 20 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

கவுன்சிலர்கள் உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது, நீங்கள் அந்த வட்டாரத்து வாக்காளரா என்பதும் அவர்கள் மனத்தில் இருக்கும். பிரித்தானியக் குடியுரிமை கிடைத்த பிறகுதான் வாக்கு என்று எண்ணிப் பலர் பல ஆண்டுகளை வீணாக்கிவிடுகிறார்கள். இலங்கை, இந்தியக் குடிமக்கள் பொதுநலவாய நாட்டினர் என்பதால், செல்லுபடியாகும் விசாவில் இங்கே வசிக்கும் 18 வயது நிறைந்தவர்கள் இப்போதே பெயரைப் பதிந்து உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். பதிவு இணையத்தில் சில நிமிட வேலை. 2023 மே முதல் வாக்குச் சாவடியில் புகைப்பட அடையாளம் காட்ட வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டும் இந்தியக் கடவுச்சீட்டும் அதற்குச் செல்லும்.